கேட்டர்ஹாம் செவன்: ரப்பர் வேகத்தடையில் சம்ப் உரசுகிறது, வண்டியை உயர்த்தலாமா?

கதிர்_கென்ட் (கேள்வி)

வணக்கம். பெட்டி பெட்டியாக வந்த உதிரிப் பாகங்களைக் கொண்டு முந்தைய உரிமையாளர் தம் கொட்டகையில் பூட்டிய கேட்டர்ஹாம் செவன் (தாழ்வான, எடை குறைந்த இரண்டு இருக்கை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை அண்மையில் வாங்கியுள்ளேன். ஃபோர்டு எஞ்சின், சாதாரண வெட் சம்ப், அதாவது எஞ்சினின் அடியிலுள்ள தட்டிலேயே (சம்ப்) எண்ணெய் தேங்கும் அமைப்பு. நான் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது சம்பின் அடிக்கும் தரைக்கும் இடையே 80 மில்லிமீட்டர் இருக்கிறது. எங்கள் தெருவில் நகராட்சி அமைத்துள்ள வேகத்தடைகள் 100 மி.மீ. உயரமும், வண்டி போகும் திசையில் ஏறத்தாழ 3.7 மீட்டர் நீளமும் கொண்டவை. அவற்றை மெதுவாகக் கடக்கும்போது எதுவும் உரசுவதில்லை. ஆனால் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் போல்ட் முடுக்கிப் பொருத்தியிருக்கும் ரப்பர் தடைகள் 75 மி.மீ. உயரமே இருந்தும், நடை வேகத்தில் போனால்கூட அடியில் உரசும் ஓசை கேட்கிறது. உயரமான தடையைத் தாண்டும் வண்டி தாழ்வான தடையில் இடிபடுவது ஏன்? ஸ்பிரிங்குகளைத் தாங்கும் வளையங்களைத் திருகி வண்டியை உயர்த்துவதா, சம்புக்குக் கவசத் தகடு போடுவதா, 13 அங்குலச் சக்கரங்களுக்குப் பதிலாக 15 அங்குலம் மாட்டுவதா என்று முடிவு செய்ய முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய_பட்டறை

நண்பரே, தடையின் உயரத்தை மட்டும் பார்ப்பதால்தான் இது புதிராகத் தெரிகிறது. நீளத்தையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

உங்கள் தெருவில் இருப்பது 1970களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் உருவான வட்ட முதுகுத் தடை. செவனின் இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 2.2 மீட்டர், ஆகவே வண்டியின் நடுப்பகுதி தடையின் உச்சிக்கு மேல் வரும் வேளையில் நான்கு சக்கரங்களும் அதே தடையின் சரிவுகளில் ஏறி நிற்கின்றன. கணக்கிட்டுப் பார்த்தால் சக்கரங்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 64 மி.மீ. உயர்ந்திருக்கும், அந்த 100 மி.மீ. உச்சி, சக்கர மட்டத்துக்கு மேல் 36 மி.மீ. மட்டுமே துருத்தி நிற்கும். 80 மி.மீ. இடைவெளியில் பாதிக்கு மேல் மிச்சம். சம்ப் முன்னச்சுக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது என்பதால் அதற்குக் கிடைக்கும் இடம் இதைவிடவும் கூடுதலாகவே இருக்கும்.

ரப்பர் தடையின் கதை வேறு. அதன் நீளம் மிகக் குறைவு, முன் சக்கரம் ஏறி இறங்கிய பிறகு முழுத் தடையும் அச்சுகளுக்கு இடையே தரையில் கிடக்கிறது, அதன் 75 மி.மீ. முழுவதும் சம்புக்கு நேராக வருகிறது. உங்களுக்கு மிஞ்சுவது 5 மி.மீ. முன் சக்கரம் தடையிலிருந்து இறங்கிய கணத்தில் ஸ்பிரிங் அமுங்குகிறது, டயரும் சிறிது நசுங்குகிறது. அந்த 5 மி.மீ. எங்கே நிற்கும்? அதே நேரத்தில் நீங்கள் பிரேக்கிலும் கால் வைத்திருந்தால் முன்பக்கம் இன்னும் தாழும். பெரும்பாலானோர் தடைக்கு மேலேயே பிரேக்கை அழுத்திக்கொண்டு ஊர்வதைத்தான் மெதுவாகப் போவது என்று எண்ணுகிறார்கள். வேகத்தைத் தடைக்கு முன்பே குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு உருண்டு செல்ல வேண்டும்.

இங்கிலாந்து, வேல்ஸ் பொதுச்சாலைகளில் 1999ஆம் ஆண்டின் விதிகளின்படி தடையின் நீளம் 900 மி.மீ.க்குக் குறையக் கூடாது, உயரம் 25 முதல் 100 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தனியார் வளாகத்துக்கு அந்த விதி பொருந்தாது. அதனால்தான் நீளம் குறைந்த ரப்பர் தடைகள் அங்கே வந்து அமர்கின்றன.

சக்கரத்தை மாற்றும் எண்ணத்தைக் கைவிடலாம். 185/60 ஆர்13 டயரின் விட்டம் 552 மி.மீ., 195/45 ஆர்15 டயரின் விட்டம் 556 மி.மீ. விளிம்பு பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவர் சிறுத்துவிடுவதால், அத்தனை செலவுக்கும் கிடைப்பது அச்சில் 2 மி.மீ. உயர்வு.

மீரா_ஓட்டுநர்

பட்டறை ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். இடம் இருந்தால் ரப்பர் தடையை நேராக ஏறாமல் 25 பாகை அளவுக்குச் சாய்வாகக் கடந்து பாருங்கள். நீண்ட முன்மூக்கு உள்ள கார்களுக்குச் சொல்லப்படும் யோசனை இது. செவனுக்கு அப்படிப்பட்ட மூக்கு இல்லை என்பதால் பயனில்லை என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் சாய்ந்து போகும்போது சம்ப் தடைக்கு மேல் வரும் நேரத்தில் ஒரு முன் சக்கரம் தடையின்மீதே நிற்கும்படி அமைக்க முடியும். அப்போது முன்னச்சின் நடுப்பகுதி தடையின் உயரத்தில் பாதியளவு தூக்கப்படுகிறது, அதாவது உங்களுக்கு 37 மி.மீ. வரை கிடைக்கிறது. எதிரே வண்டி வரும்போது மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

வண்டியை உயர்த்துவதைப் பொறுத்தவரை, அளவோடு உயர்த்தினால் தவறில்லை என்பது என் கருத்து. முன்பக்க அதிர்ச்சி தாங்கி சாய்வாக நிற்பதால் வளையத்தை 10 மி.மீ. திருகினால் வண்டி அதைவிட அதிகமாகவே உயரும். சிறிது சிறிதாகத் திருகி, வண்டியைச் சில அடி உருட்டி, பிறகு அளக்கவும். முன்பக்கத்தை மட்டும் உயர்த்தி நிறுத்திவிடாதீர்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும் அமைப்பு கெட்டால் வேகத்தில் வண்டியின் நிதானம் மாறும். சக்கரக் கோணங்களும் முகப்பு விளக்கின் நோக்கும் மாறிவிடும், அவற்றையும் சரிபார்க்க வேண்டும். அளக்கும்போது துணைக்கு வருபவரும் அமர்ந்திருக்கட்டும். ஏறத்தாழ அறுநூறு கிலோ எடையுள்ள வண்டியில் இன்னொருவர் ஏறுவது பெரிய சுமை. இருக்கைகள் பின்னச்சை ஒட்டியிருப்பதால் முதலில் தாழ்வது பின்பக்கம்.

பழைய_பட்டறை

மீரா சொல்வதை ஏற்கிறேன், 15 மி.மீ.க்கு மேல் போகவேண்டாம் என்ற நிபந்தனையோடு. கவசத் தகடு இடைவெளியைக் கூட்டாது, தன் தடிமன் அளவுக்குக் குறைக்கும். இடியைத் தடுக்காமல் தாங்கிக்கொள்ளும் என்பதே அதன் பயன். ஆனாலும் உங்கள் சம்ப் வார்ப்பு அலுமினியமாக இருந்தால் போடத்தான் சொல்வேன். இரும்புத் தகட்டால் ஆன சம்ப் நசுங்கும். நசுக்கு ஆழமானால் எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயை அடைக்கும். அலுமினியமோ விரிசல் விட்டு எண்ணெயைத் தெருவில் கொட்டும். இரண்டிலும் எஞ்சினுக்குக் கேடு ஒன்றுதான். ட்ரை சம்ப் (எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பு) மாற்றம் அடித்தட்டை ஆழமற்றதாக்கும் என்பது உண்மை, ஆனால் அது வளைவுகளில் எண்ணெய் ஒதுங்காமலிருக்கப் பந்தயக்காரர்கள் செலவிடும் பணம். ஒரு கார் நிறுத்துமிடத்துக்காகச் செய்வது வீண்.

இப்போதே செய்ய வேண்டியது, வண்டியைத் தாங்கிகளில் ஏற்றி அடியைப் பார்ப்பது. உரசிய தடம் சம்பில் இருக்கிறதா, அதற்குப் பின்னால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் இருக்கிறதா, வடிகால் திருகைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு: இந்த ரப்பர் தடைகள் 50 மி.மீ. உயரத்திலும் கிடைக்கின்றன. கட்டட மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

கதிர்_கென்ட்

நன்றி. அடியில் பார்த்தேன், தடம் சம்பின் முன்விளிம்பில் மட்டும் இருக்கிறது, ஈரம் இல்லை. முதலில் பிரேக்கை விட்டுச் சாய்வாகக் கடப்பேன், இந்த வார இறுதியில் நான்கு வளையங்களையும் திருகி 10 மி.மீ. உயர்த்துவேன். மேலாளருக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன்.