கொழுப்பு படிந்த கல்லீரலில் ஒரு பக்கத்தை எடுத்தால் மீதி வளருமா?

அம்பைக்காரன்:
அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் அத்தானுக்குப் பெருங்குடல் புற்று கல்லீரலின் வலப்பக்கத்திற்குப் பரவியிருப்பதால், அந்தப் பக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஸ்கேனில் கொழுப்பு மிகுதி என்று தெரிந்ததும், சில வாரம் உணவைக் கட்டுப்படுத்திவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள். கல்லீரல் தானே வளரும் உறுப்புதானே, பிறகு ஏன் இந்தத் தாமதம் என்று அக்காள் அழுகிறாள்.

பாளை செவிலியர் (ஓய்வு):
தம்பி, வெட்டிய பகுதி மறுபடி முளைப்பதில்லை. எஞ்சிய பகுதிதான் பருத்து, இரண்டு மூன்று மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவை எட்டுகிறது. நலமான கல்லீரலில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினாலும் சமாளிக்கும் என்பார்கள். கொழுப்பு படிந்திருந்தால் 30 சதவீதமாவது வேண்டும். கொழுப்புத் துளிகளால் உப்பிய செல்கள் தமக்கிடையே ஓடும் நுண்ணிய இரத்த வழிகளை நெருக்குகின்றன. அறுவையின்போது இரத்தப்போக்கைக் குறைக்கக் கல்லீரலுக்குள் செல்லும் குழாய்களை 15 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் தளர்த்துவது வழக்கம். கொழுத்த கல்லீரல் அந்த இறுக்கத்தைத் தாங்கத் திணறும், பிறகு வளரவும் சுணங்கும். கல்லீரல் தானம் கொடுக்க வருபவரிடம் 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவதும் இதனால்தான். ஆகவே இது தாமதமன்று, முன்னேற்பாடு.

தென்காசிவாசி:
எங்கள் சித்தப்பாவுக்கு மிஞ்சப் போகும் பகுதி மிகச் சிறியது என்று, குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் இரத்தக்குழாயின் வலப்பக்கக் கிளையை முதலில் அடைத்தார்கள். அந்த இரத்தமெல்லாம் இடப்பக்கம் திரும்பியதால், ஐந்து வாரத்தில் அது பருத்திருந்ததை இரண்டு ஸ்கேன் படங்களை அருகருகே வைத்துக் காட்டினார்கள். அத்தானுக்கும் அது தேவைப்படுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அம்பைக்காரன்:
நன்றி, அக்கா, அண்ணாச்சி. அத்தான் இரண்டு நாளாகக் கஞ்சித் தண்ணீர் மட்டுமே குடிக்கிறார். கீழாநெல்லிச் சாறும் கொடுக்கலாமா?

பாளை செவிலியர் (ஓய்வு):
கஞ்சித் தண்ணீர்ப் பட்டினியை உடனே நிறுத்துங்கள், சாறும் வேண்டாம். குறைக்க வேண்டியது மாவும் சீனியும் எண்ணெயும்தான், புரதம் அன்று. தேங்காய்ப்பால் சொதியும் மாலை அல்வாவும் போகட்டும். முட்டை வெள்ளைக்கரு, மீன், பயறு இருக்கட்டும். பட்டினியால் தசை கரைந்தால் அறுவைக்குப் பின் எழுந்து நடக்கவே தெம்பு இராது. எந்தச் சாறானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். எவ்வளவு கலோரி என்பதை அங்குள்ள உணவியல் வல்லுநரிடம் எழுதி வாங்கி, கடைக் கல்லாப்பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள். வாய் அசைவதெல்லாம் அங்கேதானே.