பாஸ்டர் ஐயாவைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

முள்ளியவளை, தொண்ணூறுகளின் மாணவன்

ஞாயிறு பிரசங்கம், கிழமை நாளில் கணிதம், பின்னேரம் கரப்பந்து என்று ஓடித் திரிந்த எங்கள் பாஸ்டர் ஐயா போன கிழமை காலமாகிவிட்டார். மரண அறிவித்தலில் ‘இறைபணியாளர்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். அது காணாது. உங்களிடம் இருப்பதை எழுதுங்கள்.

நான் தொடங்குகிறேன். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு ஜாம் போத்தல் விளக்கையும் நேரத்தோடு அணைத்துவிடுவோம். கேத்திரகணிதம் செய்யாமல் போய், “விளக்குக்கு எண்ணெய் இல்லை சேர்” என்றேன்.

“கடல் தண்ணியிலை விளக்கெரியிற ஊரிலை இருந்துகொண்டு எண்ணெய் இல்லை எண்டு சொல்லுறியோ?”

வகுப்பே சிரித்தது. வற்றாப்பளை அம்மன் விளக்கை ஒரு போதகர் எடுத்துச் சொன்னது எங்களுக்குப் பெரிய புதினம். அப்புறம் மெதுவாக, “விடியக் காலமை மிசன் வீட்டுக்கு வா, வெளிச்சம் சும்மா வரும்” என்றார். சாதாரண தரம் எடுக்கும்வரை அந்த விறாந்தையில்தான் படித்தேன்.

பெண்கள் அணியில் இருந்தவள்

2003, போர்நிறுத்தத்தால் பாதை திறந்திருந்த நேரம். பெண் பிள்ளை கால்சட்டை போட்டுப் பந்தடிப்பதா என்று அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். ஐயா சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார், வயல், உரம், குளத்துத் தண்ணி எல்லாம் கதைத்தார், போய்விட்டார். பந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. இப்படியே பல பின்னேரங்கள். கடைசியில் அப்பாவே, “என்ன ஐயா, பிள்ளையைக் கேக்கத்தானே வாறியள்?” என்றார். “ஓம். இருட்ட முதல் நானே கொண்டுவந்து விடுவன்.” சொன்னபடியே சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களோடு நடந்து வருவார்.

அவரிடம் ஒரு கமுகஞ் சலாகை இருந்தது. அதில் கத்தியால் இரண்டு கீறல்: பெண்களுக்கு 2.24 மீற்றர், ஆண்களுக்கு 2.43. பெடியள் வலையைக் கம்பத்தில் சரியாகக் கட்டிவிட்டு நடுவில் தொய்யவிடுவார்கள். ஐயா கம்பத்துப் பக்கமே போகமாட்டார், நேரே நடுவில் போய்ச் சலாகையை நிறுத்துவார். கீறலுக்குக் கீழே வலை கிடந்தால் முழுவதையும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேணும். பெண்கள்தானே என்று எங்களுக்கும் ஒரு அங்குலம் இறக்கித் தந்தது கிடையாது.

செட்டிக்குளம் முகாமில் இருந்தவன்

2009. போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், தண்ணி வரிசையில் கண்டேன், ஆள் பாதியாகிவிட்டார். என் வீட்டாரை விசாரித்த கையோடு, “உன்ரை வகுப்பிலை ஆர் ஆரைக் கண்டனீ?” என்றார். கையில் ஒரு சீ.ஆர். கொப்பி. பழைய இடாப்பை நினைவிலிருந்து எழுதியிருந்தார். கண்டவர்களுக்கு எதிரே வலயமும் கூடார இலக்கமும். ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை வருகிறதே, யார் யாரைச் சேர்த்து இருத்தலாம் என்று பார்க்கத்தான் எழுதத் தொடங்கினாராம். ஆனால் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் பிள்ளை இருக்குமோ என்று தாய்மார் வந்து அந்தக் கொப்பியைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்குத் தறப்பாளுக்குக் கீழே வைத்துத் தொகையீடு சொல்லித் தந்தார். வெக்கையில் வெண்கட்டி கையில் ஒட்டும்.

இடக்கை அடிகாரன்

எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள், சரி. எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. “பொங்கலுக்குப் போறவை போங்கோ, செவ்வாய் விடிய மைதானத்திலை நிக்கவேணும்” என்று சொல்லியிருந்தார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் இரவு முழுக்க முழிப்பு, வரும் வழியில் சைக்கிளுக்குக் காற்றும் போய்விட்டது. அதற்காக வலயமட்டப் போட்டியில் என்னை வெளியே இருத்திவிட்டார். எங்களிடம் இருந்த ஒரே இடக்கை அடிகாரன் நான். தோற்றோம். அடுத்த வருடம் என்னையே தலைவராகப் போட்டார், அதற்கும் விளக்கம் கிடையாது.

அவர் பெயரில் ஒரு கிண்ணம் வைப்பதென்றால் சொல்லுங்கள், வலைக்கும் பந்துக்கும் காசு நான் தருகிறேன். பிந்தி வந்தவனை வெளியே இருத்தும் சட்டம் மட்டும் வேண்டாம்.