கார்ல ஆம்ப் போட்டப்ப நடந்தது: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

சேலம் ஸ்விஃப்ட்:
நாலு சேனல் ஆம்ப் (ஸ்பீக்கருக்கு பவர் குடுக்கற ஆம்ப்ளிஃபையர்), டிக்கில ஒரு சப் (அடி பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்). போட்டு முடிச்சு வண்டிய எடுத்தா ஸ்பீக்கர்ல "ஙீஈஈ"ன்னு ஒரு விசில். ஆக்ஸிலரேட்டர மிதிச்சா ஏறுது, விட்டா இறங்குது. பாட்ட நிறுத்தினாலும் அது நிக்கல. கடையில கேட்டா "ஆல்டர்னேட்டர் வீக்கு சார், மாத்திருங்க"ன்னாங்க, அதான் இன்ஜின் ஓடறப்ப பேட்டரிய சார்ஜ் பண்றது. நம்மூர் எலக்ட்ரீஷியன் பாய்கிட்ட கொண்டு போனேன். ஒண்ணும் பேசல, பின்சீட்ட தூக்கி கார்பெட்ட விலக்கினார். ஆம்போட எர்த் ஒயர பெயின்ட் மேலயே ஒரு ஸ்க்ரூவ போட்டு முறுக்கி வச்சிருக்காங்க! உப்புத்தாள் வச்சு தகரம் பளபளன்னு தெரியற வரைக்கும் தேச்சு, ஒயர் நுனி வளையத்த (லக்) வச்சு போல்ட்ட இறுக்கினார். விசில் பாதி குறைஞ்சுது. பேட்டரி ஒயரோட சேத்துக் கட்டியிருந்த ஆர்சிஏ ஒயர (ஸ்டீரியோல இருந்து ஆம்புக்குப் பாட்டு போற ஒயர்) பிரிச்சு அந்தப் பக்கமா கொண்டு போனதும் மீதியும் போச்சு. ஆனா இப்பவும் சிக்னல்ல நின்னா என் காது அதைத்தான் தேடுது.

டிக்கி ராஜா:
எனக்கு விசில் இல்ல, சத்தமே பத்தல. டப்பாவுல 2000 வாட்ஸ்னு கொட்டை எழுத்து. ஆம்ப் பக்கவாட்டுல பாத்தா 20 ஆம்பியர் ஃப்யூஸ் ரெண்டே ரெண்டு. 14 வோல்ட்னு வச்சாலும் உள்ள போறதே 560 வாட்ஸ்தான். ஆம்ப் ஏபி கிளாஸ்ங்கற வகை வேற, அதுல பாதிக்கு மேல கொஞ்சம்தான் ஸ்பீக்கருக்கு, மீதி சூடாப் போயிடும். "ஆர்எம்எஸ் எவ்வளவுங்க?"ன்னு கேட்டேன், அதான் விடாம குடுக்கற நிஜ பவர். கடைப் பையன் சிரிக்காம சொன்னான்: "அதெல்லாம் பழைய மாடலுக்கு சார்."

நாலு ஓம்:
சேலம் அண்ணே, கடைக்காரர ஒரேயடியா திட்டாதீங்க. ஆல்டர்னேட்டர் உள்ள ஏசிய டிசியா மாத்தற டயோடு போனாலும் இதே விசில் வரும். இன்னொரு விஷயம், என் ஃப்ரெண்டு வண்டில பயர்வால் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற தகரம்) ஓட்டைல ரப்பர் க்ரோமெட் (ஓட்டை விளிம்புக்கான வளையம்) போடாம பேட்டரி ஒயர இழுத்திருந்தாங்க. தகரம் அறுத்து அறுத்து, ஒருநாள் டேஷ்போர்டுக்கு அடியில இருந்து புகை. ஃப்யூஸ் இருந்துச்சு, ஆனா டிக்கில! பேட்டரில இருந்து 18 இன்ச்சுக்குள்ள இருக்கணும், இல்லேன்னா நடுவுல இருக்கற ஒயருக்கு காவலே கிடையாது. ஒயர் வாங்கறப்பவும் பிளேடால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அது அலுமினியம், மேல செம்புப் பூச்சு மட்டும்தான். அப்புறம் ஆம்ப்ல இருக்கற கெயின் திருகு. அது வால்யூம் திருகு இல்ல, ஸ்டீரியோல இருந்து வர்ற சிக்னலுக்கு ஆம்ப ஒத்துப்போக வைக்கறது. ஸ்பீக்கர் ஒயர கழட்டிட்டு, ஈக்வலைசர ஃப்ளாட்டா வச்சு, ஸ்டீரியோ வால்யூம் முக்கால்ல ஒரு டோன (ஒரே சுருதில வர்ற சத்தம்) ஓட விடுங்க. கதவு ஸ்பீக்கருக்கு 1000 ஹெர்ட்ஸ், சப்புக்கு 50. மல்டிமீட்டர ஏசி வோல்ட்ல வச்சு ஆம்ப் அவுட்புட்ல புடிங்க. ஆர்எம்எஸ் வாட்ஸயும் ஸ்பீக்கரோட ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா எத்தனை வோல்ட்னு வந்துரும். 75 வாட்ஸ், 4 ஓம்னா 17.3. கெயின மெல்ல ஏத்தி மீட்டர்ல அது வந்ததும் நிறுத்திருங்க. கடையில காதால கேட்டே வச்சுக் குடுப்பாங்க, கிளிப் ஆகி (அளவு மீறி அலையோட நுனி வெட்டுப்பட்டு) ட்வீட்டர் (கீச்சு சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) தான் முதல்ல சாகும்.

சேலம் ஸ்விஃப்ட்:
தம்பி, நான் கெயின பத்தி கேக்கவே இல்லியே. எர்த்த தேச்சதும் விசில் குறைஞ்சதுன்னா டயோடு எங்க வந்துச்சு?

நாலு ஓம்:
பொதுவா சொன்னேன்ணே. படிக்கறவங்களுக்கு உதவும்.

பழனி பாதை:
கம்பெனி ஸ்டீரியோவ மாத்தாம ஆம்ப் போட்டேன். அதுல ஆம்ப ஆன், ஆஃப் பண்ற ரிமோட் ஒயர் கிடையாதே, கடைப் பசங்க என்ன பண்ணாங்கன்னா அந்த ஒயர நேரா பேட்டரி 12 வோல்ட்லயே குத்திட்டாங்க. எனக்கு அப்ப தெரியாது. பழனி அடிவாரத்துல ராத்திரி நிறுத்திட்டு ரூமுக்குப் போயாச்சு. விடியக்காலைல சாவிய திருப்பினா "டிக் டிக்". டிக்கிய திறந்தேன், ஆம்ப்ல நீல லைட்டு மங்கலா எரியுது. கை வச்சா வெதுவெதுப்பு. ராத்திரி பூரா யாருக்குப் பாடிச்சோ தெரியல. மொட்டை போட்ட நாலு பேரு தள்ளி ஸ்டார்ட் பண்ணிக் குடுத்தாங்க. ஊர் வந்து கடையில கேட்டேன், "நைட்டு ஃப்யூஸ கழட்டி வச்சிருங்க சார்"ங்கறாங்க. சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற இக்னிஷன் லைனுக்கு மாத்திக் குடுக்க வேற கடைக்குத்தான் போனேன்.