‘ஃபிளெக்சிபிள் ரைசர்’: நெகிழ்குழாய் என்பது சரியா?

கோலாலம்பூரிலிருந்து

அன்புடையீர், வணக்கம்.

கடலியல் சொற்பட்டியலில் ‘ஃபிளெக்சிபிள் ரைசர்’ என்பதற்கு ‘நெகிழ்குழாய்’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும். கடலடிக் கிணற்றுக்கும் மிதக்கும் உற்பத்திக் கப்பலுக்கும் நடுவே தொங்கும் இந்தக் குழாய் இழுத்தால் நீளாது, உள்ளழுத்தத்தில் உப்பாது. வளைய மட்டும் இடங்கொடுக்கும். ‘நெகிழ்’ என்றதும் படிப்பவர் மனத்தில் ரப்பர் குழாய்தான் வரும்.

உள்ளிருந்து வெளியே பாருங்கள். முதலில் துருப்பிடிக்கா எஃகுப் பட்டையை ஒன்றோடொன்று கோத்துச் சுருட்டிய கார்கஸ். வெளியழுத்தத்தில் குழாய் நசுங்காமல் தாங்குவது அது. எண்ணெயை அது அடைக்காது, அடைப்பது அதன்மேல் வார்த்த பாலிமர் உறை. அடுத்து, குழாயின் அச்சுக்கு ஏறக்குறைய 89 பாகையில் எஃகுக் கம்பியால் சுற்றிய அழுத்தக் கவசம். அதன்மேல் 30 முதல் 55 பாகைக்குள், எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு இழுவிசைக் கவசங்கள். கடைசியில் வெளியுறை. அடுக்குகள் ஒட்டாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் இத்தனை எஃகும் வளைகிறது.

‘ஏற்றுக்குழாய்’ என்பதும் பொருந்தாது. நீரையும் வளிமத்தையும் கீழே செலுத்தும் ரைசர்களும் உண்டு. கடலடியிலிருந்து மேலெழுந்து நிற்பதால் ‘எழுகுழாய்’ எனலாம். அடுக்குமாடிகளின் தீயணைப்பு ரைசருக்கும் இதுவே போதும். என் முன்மொழிவு: வளைதகு எழுகுழாய்.

பினாங்கிலிருந்து

வணக்கம் ஐயா. ‘எழுகுழாய்’ மிகப் பொருத்தம். ‘வளைதகு’ நாவில் இடறுகிறது. எவ்வளவும் வளைக்கலாம் என்ற எண்ணத்தையும் தருகிறது. ‘கொடிக்குழாய்’ எனலாமா? கொடி நீளாது, வளையும், தொங்கும். இரண்டு உறைகளுக்கு நடுவிலுள்ள இடமான ‘ஆனுலஸ்’ என்பதற்கு, கிணற்றுச் சொற்களில் முன்பே ஏற்ற ‘வளையவெளி’யை இங்கும் வைத்துக்கொள்ளலாமா? கவசக் கம்பிகள் பறவைக்கூண்டுபோல் வெளியே விரியும் ‘பேர்ட்கேஜிங்’ என்பதற்குச் சொல்லே இல்லை.

கோலாலம்பூரிலிருந்து

அம்மா, கொடி அழகான சொல். ஆனால் அதே கப்பலிலிருந்து எழுகுழாய்க்குப் பக்கத்திலேயே ‘அம்பிலிக்கல்’ என்ற கட்டுப்பாட்டு வடம் இறங்குகிறது. தொப்புள்கொடி என்ற பெயரே அதற்கு உள்ளபோது கொடியை அதற்கு விட்டுவைப்போம். எழுகுழாய்க்கும் கொடி, கட்டுப்பாட்டு வடத்துக்கும் கொடி என்றால் வரைபடம் படிப்பவர் குழம்புவார்.

வளைவுக்கு எல்லை உண்டு என்பது உண்மை. அதை அடைமொழியில் ஏற்றாமல் ‘குறைந்தபட்ச வளைவு ஆரம்’ என்று தனியே சொல்வோம். அடுக்குகள் மேலும் வளையாமல் பூட்டிக்கொள்ளும் ஆரத்தைப்போல் 1.1 மடங்கு, சுருளில் சுற்றிச் சேமித்து வைப்பதற்கு. அலையில் ஆடும் குழாய்க்கு, சாதாரண இயக்கத்தில், அந்தச் சேமிப்பு ஆரத்தைப்போல் 1.5 மடங்கு. கப்பலோடு சேரும் மேல்முனையில் இந்த எல்லையைக் காப்பது பாலியூரித்தேன் கூம்பு. அதன் பருமன் முனையை நோக்கிப் படிப்படியாகக் கூடுவதால் வளைவு ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. அதற்கு ‘வளைவு விறைப்பி’ என்பேன்.

‘வளையவெளி’ துளையிடும் கிணற்றுக்குச் சரி. அங்கே உண்மையிலேயே வெளி இருக்கிறது. இங்கே இரண்டு உறைகளுக்கு நடுவே முழுக்கக் கம்பி, மீதமிருப்பது கொஞ்ச இடந்தான். கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் நீராவியும் பாலிமரை ஊடுருவி அங்கே சேர்கின்றன. முனைப்பொருத்தியிலுள்ள வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறி வெளியுறை கிழியும். கிழிந்தால் கடல்நீர் புகும். அரிப்பும் உலோகக் களைப்பும் சேர்ந்து கம்பியை அறுக்கும். வெற்றிடமாக்கியோ நைட்ரஜன் செலுத்தியோ அந்த இடத்தின் கொள்ளளவை அளக்கிறோம். முன்பு அளந்து பதிந்ததைவிடக் குறைந்திருந்தால் நீர் புகுந்ததென்று பொருள். பிரேசில் கடலில் ஒரு வளிமச் செலுத்து எழுகுழாய், கரியமில வாயுவால் கவசக் கம்பி விரிசல் கண்டு அறுந்தது. அழிவு தொடங்குமிடம் இது; பெயரிலேயே கவசம் இருக்க வேண்டும்: ‘கவச இடை’.

‘பேர்ட்கேஜிங்’ என்பதற்கு ‘கவசப் பிதுக்கம்’ எப்படி? ஆழத்தில் வெற்றுக்குழாயை இறக்கும்போது வெளியழுத்தம் அதை நீளவாக்கில் அமுக்கும். சபாவின் கிக்கே வயல்போல் ஏறக்குறைய 1,300 மீட்டர் ஆழமென்றால் அது சுமார் 130 பார். கடலடியைத் தொடும் இடத்தில் வளைவும் சேர்ந்து, கம்பிகளைக் கட்டிப்பிடிக்கும் அராமிட் என்ற வலுவிழை நாடா போதாமல்போனால், அவை வெளிப்புறமாகப் பிதுங்கும். கூண்டு என்று சொன்னால் உருவம்தான் தெரியும், ‘பிதுக்கம்’ நடப்பதைச் சொல்கிறது.

பினாங்கிலிருந்து

கவசப் பிதுக்கம், கவச இடை, வளைவு விறைப்பி மூன்றுக்கும் உடன்படுகிறேன் ஐயா. கொடி அம்பிலிக்கலுக்கே இருக்கட்டும். ‘வளைதகு’ மட்டும் இன்னும் கனக்கிறது. ‘வளையெழுகுழாய்’ என்று ஒட்டினால் வளையல்போன்ற குழாயென்று படிக்க நேரும்; ஆகவே பிரித்தெழுதிய ‘வளைதகு எழுகுழாய்’ என்றே பட்டியலில் திருத்துகிறேன். விறைத்த எஃகு ரைசருக்கு ‘விறைப்பு எழுகுழாய்’ என்று அடுத்த வரியில் சேர்க்கட்டுமா?