எஸ்தாரா: இந்த எதிர்காலத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம். ஸ்பானியத் தொடக்கப் பாடநூல் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஏழாம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன். 'எஸ்தாரா என் காசா' என்றால் வீட்டில் இருப்பான். நாளைக்கு என்றால் சிக்கலே இல்லை. ஆனால் 'அவன் எங்கே?' என்று இப்போது கேட்டாலும் இதே பதில்தான் வரும். இந்நேரம் வீட்டில் இருப்பான், உறுதியாகத் தெரியாது என்று பொருள். 'செரான் லாஸ் த்ரெஸ்' என்றால் மணி மூன்று இருக்கும். 'ஊக எதிர்காலம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

---

> ஊக எதிர்காலம்

ஊகம் வடசொல், அம்மா. தமிழில் பார்த்தால் தொல்காப்பிய மரபியலில் ஊகம் என்பது ஒரு வகைக் குரங்கு! புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று கொள்வதைச் சைவ சித்தாந்தத்தில் கருதல் அளவை என்பார்கள். 'கருதல் எதிர்காலம்' என்று வையுங்கள். கரு, கருது, கருத்து எல்லாம் ஒரே வேர் என்பாரும் உண்டு, மனத்துக்குள் கருக்கொள்வது என்று...

---

ஐயா, எங்கள் மதுரைப் பக்கம் கருது என்றால் கதிர். கருதறுப்புக்கு ஆள் கிடைக்காத காலத்தில் இது வேறா?

---

வேரை விடுங்கள். 'இந்நேரம் வீட்டில் இருப்பான்' என்று நாமே தினமும் சொல்கிறோமே, தமிழ்ப் பிள்ளைக்கு இது தானாகப் புரியும். புரியாத இடம் வேறு. 'தினமும் காலையில் தோசை சாப்பிடுவான்' என்று வழக்கத்துக்கும் நமக்கு எதிர்காலம் வரும், 'மலை நிற்கும்' என்று உரையாசிரியர்கள் காட்டியதும் அப்படித்தான். ஸ்பானியத்தில் அதற்கெல்லாம் நிகழ்காலம்தான். பாடத்தில் பெட்டி கட்டி இதைப் போடுங்கள், பெயர் எதுவானாலும் பரவாயில்லை.

இன்னொன்று. 'கந்தரே' (பாடுவேன்) லத்தீனில் 'கந்தாரே ஹாபெயோ', பாட உடையேன் என்பதுபோல. நம்முடைய 'பாடவிருக்கிறேன்' மாதிரி, ஒட்டிய துணைவினை நிகழ்காலம்தான்! இப்போது பேச்சில், லத்தீன் அமெரிக்காவில் இன்னும் அதிகமாக, 'வோய் ஆ கந்தார்', பாடப் போகிறேன் என்றுதான் சொல்கிறார்கள். நாளைய வேலையை அது எடுத்துக்கொள்ள, பழைய வடிவத்துக்கு ஊகம் பெரிய பிழைப்பாகிவிட்டது. ஆகவே 'எதிர்காலம்' என்ற பாதியும் எனக்கு உறுத்துகிறது. 'ஊக வினை' போதாதா?

---

போதாது. வினைத்திரிபு அட்டவணையில் எதிர்காலம் என்ற தலைப்பின் கீழ்தானே மாணவர் தேடுவார்?

---

ஆந்த்ரேஸ் பெல்யோ என்ற அறிஞர் 1847-இல் சிலியில் வெளியிட்ட ஸ்பானிய இலக்கணத்தில் காலங்களுக்குத் தாமே பெயர் கட்டினார். 'பாடுவேன் என்றான்' என்னும் இடத்தில் வரும் வடிவத்துக்கு 'இறந்தகாலத்துக்குப் பிந்தையது' என்று பெயர். கேட்க விநோதம்தான், ஆனால் மெக்சிகோ பள்ளிகளில் இன்றும் அதைத்தான் படிக்கிறார்கள். புழங்கினால் கருதலும் பழகும்.

---

எல்லோருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்து நாலு பேர் ஊகம், இரண்டு பேர் கருதல், ஒருவர் 'உத்தேச எதிர்காலம்'. 'ஊக எதிர்காலம்' என்றே விடுகிறேன். தோசை வாக்கியம் பெட்டிக்குள் போய்விட்டது.

---

சரி, அச்சடியுங்கள். குரங்கை நான் சொன்னேன் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பு எப்போது?