கவர்னர் கையெழுத்து போடாவிட்டால் மசோதா செத்ததா?

காவிரிக்கரையான்:
"கவர்னர் கையெழுத்து போடவில்லை என்றால் மசோதா செத்தது, 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கவர்னருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்றார்கள், சரி. ஆனால் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பாமல் சும்மா நிறுத்திவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னதும் அதே ஐந்து நீதிபதிகள்தான். பாதியைப் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்ல வரக்கூடாது.

வடபழனிவாசி:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாமே சார். 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், முழு நீதி கிடைக்க எந்த உத்தரவும் போடலாம் என்கிற அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு, தமிழ்நாடு கவர்னர் நிறுத்திவைத்த பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றார்கள். கவர்னர் கையெழுத்தே இல்லாமல் ஏப்ரல் 11-ல் அரசிதழில் சட்டமாக வந்தது. இனி அப்படிச் செய்ய முடியாது என்று நவம்பர் 20-ல் கதவைச் சாத்திவிட்டார்கள். இதில் பாதி எது, முழுசு எது?

காவிரிக்கரையான்:
நான் கேட்பது ஒன்றே ஒன்று. 2023 நவம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அதுவரை அசையாத பத்து மசோதாவையும் 13-ம் தேதி ஒரே வீச்சில் நிறுத்திவைத்தார் அப்போதைய கவர்னர் ரவி. ஏன் என்று ஒரு வரி எழுதினாரா? காரணம் எங்கே?

வடபழனிவாசி:
காரணம் ஊருக்கே தெரியும். பெரும்பாலும் பல்கலைக்கழக மசோதாக்கள். துணைவேந்தர் நியமனத்தை வேந்தரான கவர்னரிடமிருந்து பிடுங்கி அரசு வைத்துக்கொள்ளப் பார்த்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் விதிக்கு அது முரண்.

காவிரிக்கரையான்:
ஊருக்குத் தெரிந்தால் போதாது. சபைக்கு எழுத வேண்டும். 200-வது பிரிவு கூடிய விரைவில் செய்தியோடு திருப்பி அனுப்பச் சொல்கிறது. யூஜிசி முரண் என்றால் அதை 13-ம் தேதியே எழுதியிருக்கலாமே? 18-ம் தேதி சபை கூடி அப்படியே மறுபடி நிறைவேற்றியது. அதன் பிறகு 28-ம் தேதிதான் குடியரசுத் தலைவருக்கு அனுப்பும் நினைவு வந்ததா? 13-ம் தேதி காரணம் எங்கே?

நெல்லைச்சீமை:
அண்ணே, அந்தப் பத்து மசோதாவில் இரண்டு 2020 ஜனவரியில் கவர்னருக்குப் போனவை. அப்போது கவர்னர் புரோகித், ஆட்சியில் இருந்தது அதிமுக. அவர்களுடைய மசோதாவும் கிடப்பில்தான் கிடந்தது. அப்போது நீங்கள் வாயைத் திறந்த மாதிரி நினைவில்லை.

காவிரிக்கரையான்:
யார் மசோதாவாக இருந்தால் என்ன? மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு மசோதா கிடந்தது என்பது என் வாதத்துக்குத்தான் பலம். போன மாதம் மேகதாது விவாதத்திலும் இப்படித்தான் குறுக்கே வந்து திசை திருப்பினீர்கள். மறக்கவில்லை.

நெல்லைச்சீமை:
மேகதாதுவில் ஆதாரம் கேட்டதும் காணாமல் போனவர் நீங்கள். அதையும் மறக்க வேண்டாம்.

தபால்பெட்டி:
கையெழுத்து போடாமல் இருப்பதே பாவம் என்பது போல் பேசாதீர்கள். 1986-ல் ராஜீவ் அரசு தபால் சட்டத் திருத்தத்தை இரண்டு அவையிலும் நிறைவேற்றியது. அரசு நினைத்தால் யார் கடிதத்தையும் பிரித்துப் பார்க்கலாம் என்ற மசோதா. குடியரசுத் தலைவர் ஜைல் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. கடைசியில் 2002-ல் அதை வாபஸ் வாங்கினார்கள். அந்த மனிதர் சும்மா இருந்ததால்தான் நம் கடிதங்கள் தப்பின.

காவிரிக்கரையான்:
அது குடியரசுத் தலைவருக்கான 111-வது பிரிவு, இது கவர்னருக்கான 200. அங்கே நாடாளுமன்றம், இங்கே மாநிலம். மாநில மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய சபையை, ஓட்டே வாங்காத ஒருவர் காரணம் சொல்லாமல் நிறுத்துவது எப்படிச் சரி?

தபால்பெட்டி:
பிடித்த மசோதா நின்றால் அநியாயம், பிடிக்காத மசோதா நின்றால் வீரமா? எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

மாதவரம் டீச்சர்:
என் அக்கா மகளின் பட்டச் சான்றிதழைப் பார்த்தேன். துணைவேந்தர் நியமனம் முடங்கியதால், அவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் துறைச் செயலாளர் கையெழுத்து. வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, இவர் யார், ஏன் துணைவேந்தர் போடவில்லை என்று விளக்கக் கடிதம் கேட்டார்கள். கடிதம் வாங்க அவள் அலைந்த அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் பிரிவு எண்ணிலேயே நிற்கிறீர்கள்.

வடபழனிவாசி:
அதற்குக் காரணம் துணைவேந்தர் தேடல் குழுவில் யூஜிசி ஆளைச் சேர்க்க மறுத்த அரசு, டீச்சர்.

காவிரிக்கரையான்:
இல்லை, மசோதாவை முடக்கிய ராஜ்பவன். 13-ம் தேதி ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பெண் அலைந்திருக்க மாட்டாள்.

வடபழனிவாசி:
பத்தும் சட்டமான பிறகும்தான் என்ன நடந்தது? 2025 மே 21-ல் சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனப் பகுதிக்கு இடைக்காலத் தடை போட்டது. அதுவும் ராஜ்பவன் வேலையா?

காவிரிக்கரையான்:
தடை வேறு, ரத்து வேறு. மனசு இருந்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு ஜல்லிக்கட்டு மசோதா சாட்சி. 2017 ஜனவரி 23-ல் சபையில் நிறைவேறியது, 31-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலே வந்துவிட்டது.

நெல்லைச்சீமை:
அது மனசு இல்லை அண்ணே, மெரினாவில் கூடிய கூட்டம். அலங்காநல்லூர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்திராவிட்டால் அந்த மசோதாவும் தூங்கியிருக்கும்.

வடபழனிவாசி:
மெரினாவில் நானும் இருந்தேன். அங்கே கட்சிக் கொடி எதையும் உள்ளே விடவில்லை. அதை இப்போது உங்கள் கட்சிக் கணக்கில் எழுதாதீர்கள்.

காவிரிக்கரையான்:
நான் எந்தக் கட்சி என்று எங்கே சொன்னேன்? காட்டுங்கள் பார்ப்போம்.