பழைய குளிர்பான விற்பனை இயந்திரம்: வண்ணத்தை நம்பி வாங்கலாமா?

கேள்வி: பாட்டில்மூடி

வணக்கம். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் வசிக்கிறேன். இதுவரை பழைய பாட்டில்களையும் மூடி திறப்பான்களையும் மட்டுமே சேர்த்து வந்திருக்கிறேன். பண்ணையை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குக் குடிபெயரும் முதியவர் ஒருவரின் தானியக் கொட்டகையில், சென்ற வாரம் கம்பிவலைச் சுருள்களுக்குப் பின்னால் ஒரு சிவப்பு நிற விற்பனை இயந்திரத்தைக் கண்டேன். உயரம் 58 அங்குலம், அகலம் 27, ஆழம் 16. மேல் விளிம்புகள் வளைந்திருக்கின்றன. கதவில் வெள்ளை எழுத்தில் 'டிரிங்க் கோகோ கோலா' என்றிருக்கிறது. காசு போடும் துளையருகே 5 சென்ட் என்று பொறித்திருப்பதால் 1940களின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். 1,800 டாலர் கேட்கிறார். பின்புறத்தில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர்த் தகடு இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டுமே உள்ளன. கதவு பூட்டியிருக்கிறது, சாவி இல்லை. இது எந்த நிறுவனத்தின் எந்த மாதிரி என்று எப்படி அறிவது?

மறுமொழி: கொட்டகைக்காரன்

நீங்கள் அளவெடுத்து வந்ததே பாதி வேலை. பலர் மங்கலான படத்தை மட்டும் போட்டுவிட்டு 'இது என்ன?' என்று கேட்பார்கள். உங்கள் அளவுகள் கன்சாஸ் சிட்டியில் 1937இல் தொடங்கிய வெண்டோ நிறுவனத்தின் வி-39 மாதிரியோடு பொருந்துகின்றன. ஆனால் அதே நிறுவனத்தின் வி-81 மாதிரியும் வெளித்தோற்றத்தில் ஏறத்தாழ இதே அளவுதான் என்பதால், கதவைத் திறக்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அக்காலத்து மாதிரிப் பெயர்களில் உள்ள எண் பெரும்பாலும் அதில் அடங்கும் பாட்டில்களின் எண்ணிக்கையைக் குறிக்கும். உள்ளே சுழலும் உருளையைச் சுற்றிப் பாட்டில்களுக்கான குழிகள் இருந்தால் அது வி-39. ஒன்பது அடுக்குகளும் அடுக்குக்கு ஒன்பது பாட்டில்களும் என்ற அமைப்பு இருந்தால் வி-81. அகலம் 16 அங்குலமாக இருந்திருந்தால் வி-44 என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். சிறிய வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதற்குச் சேகரிப்பாளர்களிடையே பெரும் போட்டி.

வேறு நிறுவனங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட்டின் ஜேக்கப்ஸ் செய்த 26 பாட்டில் இயந்திரத்தின் உச்சி அஞ்சல் பெட்டி போல வளைந்திருக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். டென்னசியின் சாட்டனூகாவில் கேவலியரும் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் வெண்டர்லேட்டரும் செய்தவை இன்றும் ஏலங்களில் அடிக்கடி வருகின்றன. வெண்டர்லேட்டரை 1956இல் வெண்டோவே வாங்கிவிட்டதால், இரண்டு பெயர்களும் கலந்து காணப்பட்டால் குழம்ப வேண்டாம்.

பூட்டைத் துளையிட்டு உடைக்காதீர்கள். பழைய பூட்டுகளைத் திறக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவரை உரிமையாளரின் இசைவோடு அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி: ஐந்துகாசு

5 சென்ட் என்ற பொறிப்பு காலத்தை நிறுவாது. 6.5 அவுன்ஸ் கோகோ கோலா, கோப்பையிலோ பாட்டிலிலோ, 1886 முதல் ஏறத்தாழ 1959 வரை 5 சென்ட்டுக்கே விற்கப்பட்டது; விலை அத்தனை காலம் உயராமல் நின்றதற்கு, ஐந்து சென்ட் நாணயத்தை மட்டுமே ஏற்ற இந்த இயந்திரங்களும் ஒரு காரணம். அடுத்த வசதியான நாணயம் 10 சென்ட், அதாவது ஒரே அடியில் விலை இரட்டிப்பாகும். அதனால்தான் அந்நிறுவனத்தை வழிநடத்திய ராபர்ட் வுட்ரஃப் 1953இல், ஏழரை சென்ட் நாணயம் ஒன்றை வெளியிடுமாறு அதிபர் ஐசனோவரையே கேட்டுக்கொண்டார். அது நடக்கவில்லை. எனவே 5 சென்ட் என்பது 1950களுக்கும் பொருந்தும். வி-39, வி-81 இரண்டுமே இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியவை. முதியவர் பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை, ஆனால் கொட்டகையில் நிற்கும் எந்தப் பொருளுக்கும் ஆண்டுதோறும் இரண்டு வயது கூடுவது வழக்கம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அந்த எழுத்துகள் தகட்டிலேயே புடைத்து நிற்கின்றனவா, அல்லது தட்டையான கதவின் மேல் வண்ணத்தால் எழுதப்பட்டவையா? கோகோ கோலாவுக்காகச் செய்யப்பட்ட வி-39, வி-81 கதவுகளில் பெரும்பாலும் எழுத்து அச்சில் அழுத்திப் புடைக்கப்பட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே தெரியும். தட்டையாக இருந்தால், வேறு பானத்துக்காக விற்கப்பட்ட இயந்திரத்தைப் பின்னாளில் யாரோ சிவப்பாக்கியிருக்கலாம். கதவின் கீல் மடிப்பிலும் அடித்தட்டின் உட்புறத்திலும் பாருங்கள், வண்ணம் பூசுபவர்கள் அங்கே சோம்பல்படுவார்கள். கோகோ கோலாவின் மீன்வால் வடிவச் சின்னம் எங்காவது தென்பட்டால் அது 1958க்கு முந்தியதாக இருக்காது. ஆயினும் பழைய இயந்திரத்தில் புதிய சின்னத்தை ஒட்டும் வழக்கம் அன்றும் உண்டு என்பதால், அச்சான்றைத் தனியாக நம்பக்கூடாது.

மறுமொழி: குளிர்பெட்டி

அடையாளம் காணும் ஆர்வத்தில் மின் இணைப்பைக் கொடுத்துவிட வேண்டாம். உள்ளே ஓடும் கம்பிகளின் ரப்பர் உறை இத்தனை ஆண்டுகளில் பொடிந்துபோயிருக்கும். குளிரூட்டும் குழாய்களில் பெரும்பாலும் ஆர்-12 என்னும் பழைய குளிரூட்டி வாயு இருக்கும். அதைக் கையாள அமெரிக்காவில் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பர் வேண்டும், குழாயை வெட்டி வாயுவை வெளியேற்றுவது சட்டப்படி குற்றம். அக்கால வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் உலர் நிலையில் தேய்க்கவும் கூடாது. வண்டியில் நிமிர்த்தியே ஏற்றுங்கள்.

நான் ஒரு கருத்தில் மட்டும் மேலே உள்ளவர்களோடு மாறுபடுகிறேன். மாதிரியைவிட உள்ளுறுப்புகள் முழுமையாக இருக்கின்றனவா என்பதே விலையைத் தீர்மானிக்க வேண்டும். காசுப் பெட்டியும் நாணயத்தைச் சோதிக்கும் பொறியும் இல்லாத அரிய இயந்திரத்தை வாங்கிவிட்டு, உதிரிக்காக நான்கு ஆண்டுகள் ஏலம் ஏலமாக அலைந்திருக்கிறேன்.

மறுமொழி: பாட்டில்மூடி

அனைவருக்கும் நன்றி. நேற்று பூட்டுத் தொழிலாளியோடு சென்று வந்தேன். அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. உள்ளே உருளை இல்லை, ஒன்பது அடுக்குகள் உள்ளன, ஆகவே வி-81. காசுப் பெட்டியும் நாணயப் பொறியும் அப்படியே இருக்கின்றன, காசு மட்டும் இல்லை. கதவு எழுத்து முற்றிலும் தட்டையாக இருந்தது. கீல் மடிப்பில் சிவப்பு வண்ணத்தின் அடியில் இன்னொரு வண்ணம் தெரிந்தது: பச்சை. முதியவர் அதைப் பார்த்துச் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, தாம் வாங்கியபோதே அது சிவப்பாகத்தான் இருந்தது என்றார். விலையை 1,100 டாலருக்குக் குறைத்துக்கொண்டார். சிவப்பை நீக்கிப் பச்சையை மீட்பதா, இப்படியே விடுவதா என்று தெரியவில்லை.

மறுமொழி: ஐந்துகாசு

செவன் அப் இயந்திரமாக இருக்கலாம். பச்சை மட்டுமே அதற்குப் போதிய சான்றாகாது. வாங்குங்கள். ஆனால் ஓராண்டு எதையும் சுரண்டாதீர்கள். கதவின் நடுவில் சிவப்புக்கு அடியில் பழைய எழுத்தின் விளிம்பு இருந்தால், பக்கவாட்டில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடிக்கும்போது நிழலாகத் தெரியும்; அதை முதலில் படமெடுத்து இங்கே இடுங்கள்.